பதிவேட்டில் 28 பிள்ளைகள், பாயில் 12 பிள்ளைகள்: அங்கன்வாடிக் கணக்கை எப்படிச் சோதிப்பது?

கல்லல் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மகளை அங்கன்வாடியில் விடப் போகும்போதெல்லாம் 10 அல்லது 12 பிள்ளைகளையே பார்க்கிறீர்கள்; சுவரில் உள்ள பலகையிலோ 28 என்று எழுதியிருக்கிறது. மீதிப் பிள்ளைகளுக்குரிய அரிசியும் பருப்பும் முட்டையும் எங்கே போகின்றன, முக அடையாளப் பதிவு வந்த பிறகும் இது எப்படி நடக்கிறது, யாரிடம் புகார் செய்வது என்பவை உங்கள் கேள்விகள். இறுதியில், "புகார் செய்தால் மையத்தையே மூடிவிடுவார்களோ" என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். என் கணிப்பில் உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் குழந்தைப் பராமரிப்பில் முறைகேட்டை எப்படி இனங்காண்பது, அதைத் தடுக்கும் முயற்சியில் பிள்ளைகளின் சோறு நின்றுவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதே அது.

சிவகங்கை மாவட்டத்தில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டத்தில் மேற்பார்வையாளராகவும் பின்னர் திட்ட அலுவலராகவும் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்து மையங்களை நேரில் அறிவேன். ஓய்வுக்குப் பிறகு வந்த செயலிகளையும் ஆணைகளையும் படித்தும், இன்னும் பணியில் இருப்பவர்களிடம் கேட்டும் அறிந்திருக்கிறேன். கையில் வைத்துப் பணியாற்றியதில்லை. சட்டப் பிரிவுகளைப் பற்றிச் சொல்வது நிர்வாகத்தில் இருந்தவளின் அறிவு மட்டுமே. வழக்கென்று போனால் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம். இந்தத் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980-இல் உலக வங்கி உதவியுடன் வந்த ஊட்டச்சத்துத் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் ஊர்தோறும் மையங்களை உண்டாக்கின. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உணவைச் சட்டபூர்வ உரிமையாக்கியது. மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும், கருவுற்ற தாய்க்கு 600 கலோரியும் தரப்பட வேண்டும் என்று அந்தச் சட்டம் வந்தபோது அதன் அட்டவணையில் இருந்தது. இதற்காக 2017-இல் திருத்தப்பட்ட செலவு வரம்பு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய், தாய்க்கு 9 ரூபாய் 50 காசு, கடுமையான ஊட்டக் குறைபாடுள்ள பிள்ளைக்கு 12 ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் உணவு என்பது கணக்கு.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். நான் பணியாற்றிய காலத்து அளவின்படி ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, வாரத்துக்கு மூன்று முட்டை. வராத 16 பிள்ளைகளும் தினமும் சாப்பிட்டதாக எழுதினால், நாளொன்றுக்கு 1 கிலோ 280 கிராம் அரிசி மிஞ்சும். 25 நாள் கொண்ட மாதத்துக்கு 32 கிலோ அரிசி, 4 கிலோ பருப்பு. வாரத்துக்கு 48 முட்டை. ஓர் ஏழை வீட்டுக்கு இது பெரிது, அரசின் கணக்கில் சிறிது. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன். ஏனெனில் ஒரு மையத்தில் ஒரு பெண் செய்யக்கூடிய முறைகேட்டுக்கு உச்ச வரம்பு இவ்வளவுதான்.

28-க்கும் 12-க்கும் உள்ள இடைவெளி திருட்டுக்குச் சான்றாகிவிடாது. பலகையில் இருப்பது பெயர்ப் பதிவு. ஊரில் இருக்கும் தகுதியுள்ள பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக் கணக்கெடுத்து எழுதுவது. அன்றன்று வந்தவர்கள் வேறு, சாப்பிட்டவர்கள் வேறு. பதிவில் இருப்பவர்களில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மையத்துக்கு வரவே தேவையில்லை. அவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகிறது. நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இந்த இடைவெளி வேறு இடங்களைவிட அதிகமாக இருக்கக் காரணங்களும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண் ஐந்தாறு மாதம் இங்கே இருப்பாள்; கணவன் ஊரிலும் அவள் பெயர் இருக்கும், இங்கேயும் சேரும். திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன குடும்பம் பிள்ளையை அப்பத்தாவிடம் விட்டுப் போகும். பள்ளிக்கூட வயது நெருங்கும்போது சொல்லாமல் அழைத்துக்கொண்டு போய்விடும். மூன்று வயதானதும் காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வரும் நர்சரிப் பள்ளி வேன் பாதிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. இவர்கள் எல்லாருடைய பெயரும் அடுத்த கணக்கெடுப்பு வரை பதிவேட்டில் நிற்பது சோம்பலாக இருக்கலாம், வேலைப் பளுவாகவும் இருக்கலாம். 2018-இல் அசாமில் மட்டும் சுமார் 14 லட்சம் பெயர்கள் போலி என்று நீக்கப்பட்டதாகச் செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அவ்வளவு பெயர்களும் திருடுவதற்கென்றே எழுதப்பட்டவை என்று என்னால் நம்ப முடியவில்லை. பழைய மக்கள்தொகைக் கணிப்பும், ஊர் மாறிப் போனவர்களும், இரட்டைப் பதிவும் அதில் கலந்தே இருக்கும். எந்தப் பங்கு எவ்வளவு என்பதை வெறும் மொத்த எண் சொல்லாது.

ஆகவே பெயர்ப் பதிவை விட்டுவிட்டு, தினசரி வருகையையும் இருப்புப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். மையத்தில் பதினோரு பதிவேடுகள் உண்டு: குடும்ப விவரம், உணவு இருப்பு, உணவு வழங்கல், முன்பருவக் கல்வி, கர்ப்பமும் பேறும், தடுப்பூசி, வைட்டமின் ஏ, வீட்டுப் பார்வை, பரிந்துரை, மாதாந்திரச் சுருக்கம், எடை. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எதுவும் தெரியாது, எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பார்க்கும்போதுதான் கணக்கு பேசும். இந்த மண்ணில் பேரேட்டையும் குறிப்பேட்டையும் ஒத்துப் பார்த்து ஐந்தொகை எழுதி, ஒரு காசு இடறினாலும் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்த பெட்டியடிப் பிள்ளைகளின் (செட்டியார் கடைகளில் கணக்குப் பழகிய பையன்களின்) வேலை எதுவோ, அதுதான் இங்கும் செய்யப்பட வேண்டியது. தொடக்க இருப்பு, வந்தது, செலவானது, மீதி. அந்த மீதி மூட்டையில் இருக்கிறதா?

நான் முதலில் திறப்பது திருவிழாவை ஒட்டிய நாட்களின் பக்கத்தை. காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயிலில் மாசி-பங்குனித் திருவிழா நடக்கும்போது சுற்றுப்பட்டு ஊர்களே அங்கே திரண்டுவிடும். பால்குடத்துக்கு மறுநாள் பிள்ளைகள் பாதிக்கு மேல் தூங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அன்றைய பக்கத்தில் முந்தின வாரத்தைப் போலவே 26, 26, 27 என்று இருந்தால், அந்த மாதம் முழுவதையும் உற்றுப் பார்க்கத் தொடங்குவேன். அடை மழை பெய்த ஐப்பசி நாட்கள், ஊரில் துக்கம் நடந்த நாள், தடுப்பூசி போட்டதற்கு மறுநாள் ஆகியவற்றையும் அப்படியே பார்க்கலாம். உண்மையான வருகை ஏறி இறங்கும். திங்கட்கிழமை ஒரு மாதிரி இருக்கும், முட்டை போடும் நாளில் வேறு மாதிரி இருக்கும். மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் எழுதிய பக்கம் மாதக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அதையும் திருட்டு என்று உடனே சொல்லிவிட மாட்டேன். இரண்டு மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் பணியாளர் அன்றாடம் எழுத நேரமின்றி இப்படிச் செய்வதுண்டு. ஆனால் கணக்கு நம்பத்தக்கதாக இல்லை என்பது மட்டும் அதோடு உறுதியாகிவிடும்.

எடைப் பதிவேடு இன்னும் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும். தராசில் ஏற்றி நிறுத்த பிள்ளைகளின் எடை 11.3, 12.8, 10.65 என்று சிதறிக் கிடக்கும். உட்கார்ந்த இடத்தில் எழுதிய எடை 11, 11.5, 12 என்று முழு எண்ணிலோ அரையிலோ முடியும். காய்ச்சலில் கிடந்த பிள்ளை அடுத்த மாதம் எடை குறைந்திருக்கும். ஒரு மையத்தில் ஓராண்டாக ஒரு பிள்ளைக்கும் எடை குறையவே இல்லை, மாதாமாதம் எல்லாருக்கும் 200 கிராம் கூடியது என்றால் தராசு அலமாரியிலேயே இருந்திருக்கிறது என்று பொருள். இதில் வெறும் கணக்குப் பொய்யைவிடப் பெரிய கேடு இருக்கிறது. கடுமையான ஊட்டக் குறைபாடுள்ள ஒரு பிள்ளை அந்தப் பட்டியலுக்குள் மறைந்து போய்விடுகிறது. அரிசி போனால் மறுமாதம் வரும். இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பெருமளவுக்குத் திரும்பப் பெற முடியாது. ஆய்வுக்குப் போகும் அலுவலர்கள் அரிசி மூட்டையை எண்ணுவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியையேனும், எடை எழுதிய நான்கு பிள்ளைகளைத் தம் கண் முன்னே மறுபடி நிறுக்கச் செய்வதற்குச் செலவிட வேண்டும் என்று நான் பணியில் இருந்தபோதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

பணியாளர் ஏன் பொய் எண்ணை எழுதுகிறார்? இந்தப் பதிலில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. விற்றுக் காசாக்குவதற்காக எழுதுபவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை பொய் எண்ணின் முதல் தாய் மேலிருந்து வரும் அச்சம். வருகை குறைந்தால் விளக்கம் கேட்டு மெமோ வரும். மாதாந்திரக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். பிள்ளைகள் குறைந்த மையத்தைப் பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்ற பேச்சு எப்போதும் உலவும். மேற்பார்வையாளருக்கு ஏறத்தாழ 25 மையங்கள். அவருக்கும் மேலே ஒருவர் எண் கேட்கிறார். இப்படி 12 என்று எழுதினால் தண்டனை, 26 என்று எழுதினால் அமைதி என்றிருக்கும் இடத்தில் 26 தான் எழுதப்படும். 26 என்று எழுதிய பிறகு, மிஞ்சும் அரிசி ஏட்டில் இருக்கக் கூடாது என்பதால் அது எங்கேயாவது போயாக வேண்டும். பொய் முதலில் வருகிறது, திருட்டு அதன் பின்னால் வருகிறது. இரண்டாவது காரணம், காய்கறிக்கும் விறகுக்கும் எரிவாயுவுக்கும் தர வேண்டிய உணவூட்டுச் செலவு பல நேரங்களில் தாமதமாக வருவது. கைக்காசைப் போட்டுக் கத்தரிக்காய் வாங்கிய பெண், பணம் வராத மாதத்தில் இரண்டு படி அரிசியைக் கொடுத்து மளிகைக் கடைக் கடனைத் தீர்க்கிறார். சட்டம் இதையும் கையாடல் என்றே பார்க்கும். பொருளை ஈடாக்கித் திரும்பப் பிள்ளைகளுக்கே சமைத்தவரையும், மாதாமாதம் மூட்டையை ஓட்டலுக்கு அனுப்புபவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே குறைந்த எண்ணை அச்சமில்லாமல் எழுத இடம் இருக்க வேண்டும் என்பதே முறைகேட்டுத் தடுப்பின் முதல் படி என்று கருதுகிறேன். ஆண்டுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கி, "உள்ளபடி எழுதுங்கள், பழைய எண்ணுக்கு விளக்கம் கேட்க மாட்டோம்" என்று எழுத்துமூலம் சொல்லிப் பெயர்களைத் திருத்தச் செய்தால், அதன் பிறகும் தவறு செய்பவர் மேல் நடவடிக்கை எடுக்கும் தகுதி அலுவலகத்துக்கு வரும். அறைகூவலாகவே சொல்கிறேன்: எண் குறைந்ததற்காக மெமோ கொடுக்கும் அதிகாரி, தம் கையாலேயே பொய்க் கணக்கை வாங்கிக்கொள்கிறார்.

அடுத்தது, மையத்துக்கு மேலே உள்ள கசிவு. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாக வருகின்றன. மூட்டை மையத்துக்கு வந்து இறங்கும்போது அதைத் தராசில் வைக்கிறார்களா என்று பாருங்கள். 50 கிலோ என்று தைத்த மூட்டையில் கோணியின் எடை போக 48 கிலோ இருந்தால், கையெழுத்துப் போட்ட நிமிடமே இரண்டு கிலோ கடன் பணியாளர் தலையில் ஏறிவிடுகிறது. அதை ஈடுகட்ட ஒரே வழி சாப்பிடாத பிள்ளையைச் சாப்பிட்டதாக எழுதுவது. முட்டையில் அரசு முத்திரை குத்துவது அது கடைக்குப் போவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் முட்டை 45 கிராமுக்குக் குறைந்து சிறியதாக வந்தால் முத்திரை அதைச் சொல்லாது. கொள்முதலில் நடப்பவற்றோடு ஒப்பிட்டால் மையத்தில் நடப்பது துளி. மத்தியப் பிரதேசத்தில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவைப் பற்றிக் கணக்காயர் செய்த தணிக்கை 2022-இல் வெளியே தெரிய வந்தபோது, டன் கணக்கில் உணவை ஏற்றி வந்ததாகக் காட்டிய லாரிகளின் பதிவு எண்கள் சில, வாகனப் பதிவுத் தளத்தில் தேடிப் பார்த்தால் மோட்டார் சைக்கிள், கார், ஆட்டோ என்று இருந்தன. எந்த அங்கன்வாடிப் பணியாளரும் அதைச் செய்திருக்க முடியாது. இத்தகைய இடர் கருதியே உச்ச நீதிமன்றம் உணவு உரிமை வழக்கில் 2004 அக்டோபர் 7 அன்று, அங்கன்வாடி உணவு வழங்கலில் ஒப்பந்தக்காரர்கள் கூடாது, ஊர்ச் சமூகங்களையும் மகளிர் குழுக்களையும் பயன்படுத்துங்கள் என்று ஆணையிட்டது. அந்த ஆணை எல்லா மாநிலங்களிலும் மனப்பூர்வமாகப் பின்பற்றப்பட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முக அடையாளத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கன்வாடிக் கணக்கைக் கைப்பேசியில் பதியும் போஷன் டிராக்கர் செயலி 2021 மார்ச்சில் வந்தது. 2025 ஜூலை முதல், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவைப் பெறும் தாய்மாருக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் முக அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. மையத்தில் உட்கார்ந்து சாப்பிடும் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சோற்றை அது தொடவே இல்லை. ஆகவே உங்கள் 28-க்கும் 12-க்கும் அதற்கும் தொடர்பு குறைவு. இல்லாத தாயின் பெயரில் சத்துமாவு எழுதுவதை அது கடினமாக்கும் என்பது உறுதி. மாவின் தரத்தையோ, பாக்கெட் எண்ணிக்கை குறைவாக வந்ததையோ, வாங்கிப் போன மாவு ஆட்டுக்குப் போனதையோ அது காட்டாது என்பதும் உறுதி. நேர்மையான எத்தனை பேரை அது வெளியே நிறுத்துகிறது என்பதில்தான் எனக்குக் கவலை. முதல் பதிவுக்கு ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஒரு எண் வரும்; அதைச் சொன்னால்தான் பதிவு முடியும். நம் ஊர்களில் அந்தக் கைப்பேசி எண் பெரும்பாலும் கணவனுடையது. கணவன் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பான். அவன் வேலை முடிந்து அறைக்குத் திரும்பிச் செய்தியைப் பார்ப்பதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு இரண்டு மூன்று முறை நடந்து வந்து திரும்பிப் போனதாகப் பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அவளைப் பட்டியலில் இருந்து நீக்கினால் கணினியில் அது "போலிப் பயனாளி நீக்கம்" என்று வெற்றிக் கணக்கில் சேரும் அபாயம் இருக்கிறது. பிள்ளையின் ஆதார் இல்லாவிட்டாலும் தாயின் ஆதாரைக் கொண்டே உணவு தரலாம் என்று அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது; இதை உங்கள் ஊர்த் தாய்மாரிடம் சொல்லுங்கள்.

கெடுபிடி மிகவும் தளர்ந்தாலும் மிகவும் இறுகினாலும் என்ன நேரும் என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கொரோனா காலத்தில் சோதனையைத் தளர்த்தியபோது, ஃபீடிங் அவர் ஃபியூச்சர் என்ற அமைப்பைச் சுற்றி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டதாகச் சொல்லிச் சுமார் 250 மில்லியன் டாலர் சுருட்டப்பட்டதாக 2022 செப்டம்பரில் 47 பேர் மீது முதலில் குற்றம் சாட்டப்பட்டது. பலர் தண்டனையும் பெற்றனர். பெயர்களை உருவாக்கித் தரும் இணையத்தளத்திலிருந்து பிள்ளைகளின் பெயர்களை எடுத்ததாக அந்தக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. நெதர்லாந்திலோ நேர் எதிராக நடந்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோரை, படிவத்தில் சிறு பிழை இருந்தாலும் மோசடிக்காரர்கள் என்று வரித்துறை முத்திரை குத்தி, பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டது. குடும்பங்கள் கடனில் மூழ்கின. உண்மை வெளிவந்ததும் 2021 ஜனவரியில் அந்த அரசே பதவி விலகியது. இரண்டு இடங்களிலும் ஏடுகளைப் பார்த்தவர்கள் நேரில் பிள்ளையைப் போய்ப் பார்க்கவில்லை.

உண்மையில் பலன் தருவது எது என்று கேட்டால், என் அனுபவத்தில் வெவ்வேறு துறையின் பெயர்ப்பட்டியல்களை ஒத்துப் பார்ப்பது முதலிடம் பெறும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கர்ப்பிணிகளின் பிக்மி எண் (சுகாதாரத் துறையின் கர்ப்பப் பதிவு எண்) இருக்கிறது. அந்தப் பட்டியலும் அங்கன்வாடியின் கர்ப்பிணிப் பட்டியலும் ஒத்துப் போக வேண்டும். நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளைக்கு எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) இருக்கிறது. அதே பிள்ளை அங்கன்வாடியில் தினமும் சாப்பிடுவதாக இருந்தால் கேள்வி எழ வேண்டும். இரண்டு துறைகளில் உள்ள இருவர் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்வது கடினம். அதற்கு அடுத்தது நண்பகலில், சோறு போடும் நேரத்தில், சொல்லாமல் போவது. காலை பத்து மணிக்குப் போகும் ஆய்வும், ஒன்றியத் தலைநகரிலிருந்து ஜீப் புறப்பட்டதும் வாட்ஸப்பில் செய்தி பறக்கும் ஆய்வும் வீண். மூன்றாவதாக, பொருள் இறங்கும்போது இரண்டு தாய்மார் கூட நின்று எடை பார்த்துக் கையெழுத்திடுவது. 2011-இல் வந்த வழிகாட்டுதலில் தேசிய நிலை முதல் அங்கன்வாடி நிலை வரை ஐந்து அடுக்குக் கண்காணிப்புக் குழுக்கள் உண்டு. உங்கள் மையத்துக்கும் ஏட்டளவிலாவது ஒரு குழு இருந்தாக வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். தம் பெயர் அதில் இருப்பது தெரியாத உறுப்பினரையே சந்திக்க நேரலாம்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. முதலில் பணியாளரிடமே நேராகப் பேசுங்கள். உங்கள் பகுதியில் "டீச்சர்" என்றுதான் அழைப்பீர்கள், அந்த மரியாதையோடேயே கேளுங்கள். வருகை குறைவாக இருப்பதையும் இருப்பு எவ்வளவு என்பதையும் கேட்டால், உள்ளதைச் சொல்பவரும் உண்டு, மூட்டை எடை குறைவாக வருவதை அழுதுகொண்டே சொல்பவரும் உண்டு. திருப்தி இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் திட்ட அலுவலரின் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதலாம். குறிப்பிட்ட மூன்று மாதங்களின் வருகை, இருப்பு, வழங்கல் ஆகிய பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பிள்ளைகளின் உடல்நல விவரங்களைக் கேட்காதீர்கள், அவை பிறர் பார்ப்பதற்குரியவை அல்ல. கிராம சபை கூடும் நாட்களில் சமூகத் தணிக்கையைக் கோரலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர் அலுவலரும், அதற்கு மேல் மாநில உணவு ஆணையமும் இருக்கின்றன. லஞ்சம் கேட்டதற்கோ பெரிய அளவில் பொருள் கடத்தப்பட்டதற்கோ தெளிவான சான்று இருந்தால் மட்டும் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்குப் போங்கள்.

சட்டத்தின் கடுமையையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், பொது ஊழியர் நம்பிக்கை மோசடி செய்வது 316-ஆம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவில் வருகிறது. அதற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். கணக்கைத் திரிப்பது 344-ஆம் பிரிவு. அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் சிவில் பதவியில் இருப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2022-இல் சொன்னது. சிவில் பதவியில் இல்லாத அவரைப் பணிநீக்கம் செய்வது, நிரந்தர அரசு ஊழியரை நீக்குவதைவிட மிக எளிது. புகார் ஒன்று மேலே போனால் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் முதலில் போவார், குறைந்த எடை மூட்டையை இறக்கியவர் அப்படியே இருப்பார். நான் பணியில் இருந்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு பெண்ணை அனுப்பிவிட்டுக் கோப்பை மூடினார்கள். மூட்டைகள் அதே எடையில்தான் தொடர்ந்து வந்தன.

மையம் மூடப்படுமோ என்ற உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். முறைகேட்டுக்காகப் பணியாளர் மேல் நடவடிக்கை எடுப்பதும் மையத்தை மூடுவதும் வேறு வேறு. சமைத்த உணவு சட்டப்படி பிள்ளையின் உரிமை. கொடுக்கத் தவறினால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்கிறது எட்டாம் பிரிவு. பிள்ளைகள் குறைவு என்று சொல்லி மையத்தை இணைக்க முயன்றால் கிராம சபைத் தீர்மானத்தோடு எதிர்க்கலாம். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 பிள்ளைகளாவது உள்ள, மையம் இல்லாத குடியிருப்பு கேட்டால் மையம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் ஊரைப் போன்ற சிறிய ஊர்களுக்கென்றே குறு மையங்களும் ஏற்படுத்தப்பட்டன. 12 பிள்ளைகள் உண்மையாக வரும் மையத்தைக் காப்பாற்ற அந்த 12 பெயர்களே போதும், 28 தேவையில்லை.

மனு எழுதும்போது பணியாளரின் பெயரை எழுத வேண்டாம். மைய எண், மாதம், நீங்கள் நேரில் பார்த்த தேதிகள், அந்தந்தத் தேதியில் சாப்பாட்டு நேரத்தில் இருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். கோரிக்கையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: வருகையையும் இருப்பையும் ஒத்துப் பார்க்க வேண்டும், கடந்த ஆறு மாதத்தில் மையத்துக்கு வந்த மூட்டைகளின் எடைச் சீட்டைக் காட்ட வேண்டும், உணவூட்டுச் செலவு எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று தெரிவிக்க வேண்டும். இரண்டாவது மூன்றாவது கோரிக்கைகளை விட்டுவிடாதீர்கள். மனுவின் ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் கொடுத்து, அடுத்த கிராம சபையின் பொருள் நிரலில் அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.